பெண் வீட்டுக்காரன் ஆடலாமா

பிப்ரவரி 11, புதன்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உறைக்கிறது. பள்ளி மைதானத்தில் கோ-கோவுக்குக் கோடு போட்டு முடித்தேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டு எரிச்சல். பிரஷர் மாத்திரை வாங்க மறந்தாயிற்று. நாளை கட்டாயம்.

மதியம் ராமேஸ்வரம் வழியில் உள்ள மண்டபம் ஊரிலிருந்து கோயில் கமிட்டி முனியசாமி போனில் பேசினார். மாசித் திருவிழா, 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"போன வருசம் ஆடுனதையே ஆடுங்க சார். படகுக்குக் காத்திருக்கிற பொம்பளை. எங்க ஊருப் பொம்பளையாளுக அதைத்தான் கேக்குறாக."

சரி என்றேன். போனை வைத்த பிறகு பயம். எப்போதும் இப்படித்தான். ஒன்பது வயதிலிருந்து ஆடுகிறேன், இப்போது நாற்பத்தொன்பது. இன்னும் ஒத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் அதே பயம். பள்ளியில் பி.டி. சார். சனி ஞாயிறில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பரதம். இரண்டையும் சேர்த்து யோசிக்கிறவர்களுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு.

சாயங்காலம் சிக்கல் ஊரிலிருந்து வசந்தா அக்கா போன். குரலிலேயே சந்தோஷம். என் மகள் யாழினிக்கு ஒரு இடம். அக்கா வீட்டுக்கார மச்சானுக்குப் பங்காளி வீடு. பையன் கதிரவன், முதுகுளத்தூர்ப் பக்கம் கால்நடை ஆய்வாளர். மிளகாய் போடுகிற குடும்பம். போட்டோ பிடித்துவிட்டதாம். 22ஆம் தேதி ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

என் மனைவி செல்வி உடனே ஜன்னல் திரைகளைக் கழற்றி ஊறப் போட்டுவிட்டாள். யாழினி ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டாள். "ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். பெண்ணுக்குப் பதற்றம் இல்லை. எனக்குத்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

மாத்திரை வாங்கியாச்சு. நல்லவேளை.

நாலு மணிக்கு மறுபடி அக்கா. இன்றைக்குக் குரலில் சிரிப்பு இல்லை.

"ஏலே பூமி, அவுக ஒன்னு கேட்டாக. தப்பா எடுத்துக்கிராத."

"என்னக்கா?"

"நீ மண்டபத்துல ஆடுன வீடியோ அவுக வீட்டுக்குப் போயிருச்சு."

போன வருடம் யாரோ கூட்டத்தில் நின்று போனில் எடுத்தது. அதைப் பையன் வீட்டுச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டு, கீழே 'நம்ம வருங்காலச் சம்பந்தி' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்களாம்.

"ஆம்பளை ஆடுறதுல ஒன்னுமில்லையாம். பொம்பளையா ஆடுறதுதான் ஒரு மாதிரியா இருக்காம். கல்யாணம் முடியுற வரைக்கும் மேடை ஏற வேணாம்னு அவுக அய்யா சொல்லச் சொன்னாரு."

"முடிஞ்ச பெறகு?"

"அதை அப்பப் பாப்போம். இப்பவே எதுக்கு?"

27ஆம் தேதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அந்த வீடியோ என்னிடமும் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அவர்கள் கண்ணால் பார்க்க முயன்றேன். சேலை கட்டவில்லை, பொட்டு இல்லை, பட்டு வேட்டிதான். ஆனால் இல்லாத தலைப்பை இடுப்பில் செருகும் இடம், இல்லாத கூந்தலை முடிந்துகொண்டு கடலைப் பார்க்கும் இடம், ஈர மணலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்ளும் இடம். ஆமாம், அங்கே நான் பெண்தான். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் பாடுபட்டேன். இன்றைக்கு முதல்முறையாக அதைப் பார்த்துக் காது சூடானது.

பிப்ரவரி 14, சனி

வகுப்பு. பிள்ளைகள் இன்று அரைமண்டியில் உட்காராமல் பாதியில் நின்று ஏமாற்றினார்கள். கண்டிக்க மனம் இல்லை. தகரம் சூடு. இன்னொரு மின்விசிறி மாட்ட வேண்டும்.

முடிந்ததும் தனியாக உட்கார்ந்திருந்தேன். பழைய நினைவு.

அய்யா அப்போது ராமநாதபுரத்தில் அரசாங்க ஜீப் ஓட்டினார். அவர் ஜீப் ஓட்டிய அதிகாரியின் வீட்டம்மா, "உங்க பொண்ணையும் எங்க பிள்ளைகளோட டான்ஸ் கிளாஸுக்கு அனுப்புங்க" என்று சொன்னதால் அக்கா போனாள். தனியாக அனுப்ப முடியாது என்று துணைக்கு நான். அரண்மனைப் பக்கம் ஒரு அரிசிக் கடைக்கு மேலே மாடி. படியில் உட்கார்ந்து அரிசி மூட்டை வாசனையில் தூங்கி வழிய வேண்டியதுதான் என் வேலை. நான் தூங்கவில்லை. கால் தானாக அடவு போட்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "படியில தட்டாத, உள்ள வந்து தட்டு" என்றார். போனேன். அக்காவுக்குப் பின்வரிசை.

அக்கா நன்றாக ஆடுவாள். என்னைவிட. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. அவள் கண் போகிற இடத்தில் ஏதோ நிஜமாகவே இருப்பதுபோல் நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். சலங்கையைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் வீட்டுக்கு அய்யா கிளம்பினார். "இவனையும் நிறுத்தணுமாங்க?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள். "ஆம்பளைப் பயதானே. போயிட்டு வரட்டும்" என்றார் அய்யா. சலங்கையை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஆம்பளை என்பதால் அன்றைக்கு ஆட விட்டார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

சிவராத்திரிக்குக் குலசாமி கோயில் போய்வந்து உடம்பு வலி.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு கடைந்துகொண்டிருந்தவள் மத்தை நிறுத்தவில்லை.

"ஒரு வருசம் ஆடாட்டி என்னங்க? கால் ஒடைஞ்சிருந்தா ஆடுவீகளா?"

"ஒடையலையே."

"ஒடைஞ்சதா நெனச்சுக்கிருங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளைப் பெண் பார்க்கப் போனபோது நானே அவளிடம் சொன்னேன், டான்ஸ் ஆடுவேன் என்று. பொருட்காட்சியில் ஆடுகிற டிஸ்கோ என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறாள். கல்யாணமான மாதம் பரத நாட்டியம் என்று தெரிந்து இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவளாகவே என் மேடை வேட்டிக்கு மடிப்பு தைத்துக் கொடுத்தாள். இன்றுவரை அவள்தான் தைக்கிறாள். அப்படிப்பட்டவள் வேண்டாம் என்கிறாள் என்றால் பெண்ணை நினைத்துத்தான்.

யாழினியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு.

ஆட வரவில்லை என்று சொல்ல முனியசாமிக்கு போன் செய்தேன். பிஸி. பெரிய நிம்மதி. மறுபடி செய்யவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சொல்லிவிட்டேன். இன்டர்வெல்லில் வேப்ப மரத்தடியில் நின்று முனியசாமிக்கு போன், ஆட முடியாது என்று.

"உடம்பு சரியில்லையா சார்?"

"இல்ல. வீட்டுல ஒரு நல்ல காரியம் பேச்சு நடக்குது."

"நல்ல காரியத்துக்கும் ஆடுறதுக்கும் என்ன சார்?"

என் மாணவிகளை அனுப்புகிறேன் என்றேன். "நோட்டீஸ் அடிச்சாச்சே" என்று முனகினார். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஐந்தாம் பீரியடில் எட்டாம் வகுப்புக்கு மாஸ் டிரில் நடத்தும்போது கால் தாளத்தை மாற்றிப் போட்டுவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் குழம்பி நின்றன. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதுரையில் உடற்கல்வி படித்த காலம் ஞாபகம் வந்தது. டீச்சர் மாற்றலாகிப் போன பிறகு ஐந்து வருடம் ஆடாமல் கிடந்தேன். தினமும் ஓட்டம், கபடி, வாலிபால். உடம்பு இரும்பு. ஆனால் எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு தவிப்பு, சாப்பிடும்போதுகூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து நடந்து போகையில் ஒரு வீட்டுக்குள் ஆட்டத்துக்குத் தாளம் போடும் தட்டுக்கழிச் சத்தம் கேட்டது. உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டேன். மீசை வைத்த நான், இரண்டு பக்கமும் பல் விழுந்த பெண் குழந்தைகள். அன்றைக்கு வெட்கமே இல்லை. பாதம் தரையில் விழுந்ததும் தவிப்பு நின்றது.

இப்போது அதே தவிப்பு. ஆடுவதை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

யாழினிக்குத் தெரிந்துவிட்டது. என் மாணவி ஒருத்தியின் அம்மா ரத்தம் கொடுக்க லேபுக்குப் போன இடத்தில், "சார் ஆடலையாமே, எங்க பிள்ளையை ஆடச் சொல்லியிருக்காக, பயந்து சாகுது" என்று சொல்லிவிட்டார்.

வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னை வச்சுத்தானே நிறுத்துனீங்க? என்கிட்ட ஏன் கேக்கல?"

"உன் நல்லதுக்குத்தான்மா."

"அது எனக்கு நல்லதுன்னு யாரு சொன்னா?"

செல்வி உள்ளே இருந்து, "அப்பாவை எதுத்துப் பேசாத" என்றாள். யாழினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தியபோது இன்னும் கடினமாக இருந்தது.

"நாளைக்கு அவுக வீட்டுக்குப் போயி, நான் லேபுக்குப் போகக் கூடாதுன்னு சொல்வாக. அதுக்கும் என் நல்லதுக்குன்னு சொல்லுவீங்களா?"

இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வந்தேன். ஏன் ஒன்றல்ல என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

அவள் சாப்பிடவில்லை. நானும் பேருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. சொன்னால் அக்காவுக்கு அங்கே தலைகுனிவு. வரவிட்டால் இவள் எதையாவது பேசிவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்தார்கள். போனார்கள். விவரமாக எழுதி வைக்கிறேன், மனம் பிறகு மாற்றிச் சொல்லும்.

பதினோரு மணி. ஒரு வேன். பையனின் அய்யா, அம்மா, கதிரவன், கூடவே என் அக்கா, மச்சான். அய்யா நெடிய ஆள், வெள்ளைச் சட்டை, குரல் மெதுவானது. கோபக்காரர் என்று நினைத்திருந்தேன், இல்லை. அதுதான் இன்னும் சங்கடம். மொட்டைமாடிப் படிக்குப் பக்கத்தில் மாணவிகளின் செருப்பு ஸ்டாண்டு. செல்வி நேற்றே அதன்மேல் துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். எதையோ ஒளித்து வைத்த வீடுபோல் ஆகிவிட்டது.

மழை, மிளகாய் விலை, மாடுகளுக்கு வந்த அம்மை என்று பேச்சு. கதிரவன் அதிகம் பேசவில்லை. கையில் ஊசி குத்திய தழும்புகள். கேட்டதற்கு, "மாடு உதறும்போது நமக்கே குத்திரும்" என்றான். யாழினி அதைக் கேட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவனுடைய அய்யா தொண்டையைச் செருமினார்.

"அக்கா சொல்லியிருப்பாக. நீங்க தப்பா எடுத்துக்கிரக் கூடாது. எனக்கு உங்க மேல மரியாதைதான். ஊருல நாலு பேரு சிரிக்கிறப்ப நாம பதில் சொல்ல வேண்டியிருக்கு, அவ்வளவுதான்."

நான், "புரியுதுங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

காபித் தட்டோடு நின்ற யாழினி அதைக் கீழே வைத்தாள். பதறவில்லை. ரத்த அறிக்கையைப் படித்துச் சொல்கிற குரல்.

"மாமா, எங்க அப்பா வர்ற வெள்ளிக்கிழமை மண்டபத்துல ஆடுறாங்க. சிரிக்கிறதா இருந்தாலும் நேருல பாத்துட்டுச் சிரிங்க. எல்லாரும் வாங்க."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பையனின் அம்மா, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், யாழினியை நிமிர்ந்து பார்த்தார்.

கதிரவன் கேட்டான்: "எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

அவனுடைய அய்யா பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றோம்." கை கூப்பினார். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டினார். அக்காவும் வேனில் ஏறிப் போய்விட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போவதாக இருந்தவள்.

சாம்பார், கூட்டு, பாயசம், எல்லாம் அப்படியே.

பிப்ரவரி 23, திங்கள்

அக்கா போன், விடியற்காலையிலேயே. நான் மாடியில் இருந்தேன்.

"உன் மகளுக்கு வாயி ரொம்ப நீளம்."

"அவ ஒன்னும் தப்பாப் பேசலையேக்கா."

"தப்பாப் பேசலையா? எங்க வீட்டுல என்னை உக்கார வச்சுக் கேக்குறாக. நான் என்ன பதில் சொல்ல?"

அப்புறம் மூச்சு வாங்கினாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

"எனக்கு நிறுத்துனாகளே. ஒரு வார்த்தை என்னையக் கேட்டாகளா? நான் என்ன செத்தா போயிட்டேன்? பிள்ளையப் பெத்தேன், காட்டுல நின்னேன், நல்லாத்தானே இருக்கேன். உன்னால ஒரு ஆறு மாசம் நிறுத்த முடியாதா?"

இந்த விஷயத்தை அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. நாற்பது வருடத்தில். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாருமே பேசியதில்லை.

"நல்லாத்தான் இருக்கியாக்கா?" என்று கேட்டேன். குத்துவதற்காக அல்ல. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான்.

லாரி போகிற சத்தம் கேட்டது அந்தப் பக்கம். பிறகு துண்டித்துவிட்டாள்.

கேட்டிருக்கக் கூடாதோ. நாள் முழுக்க அதே நினைவு.

பிப்ரவரி 25, புதன்

முனியசாமிக்குத் தயங்கித் தயங்கி போன் செய்து, நானே ஆடுகிறேன் என்றேன். "உங்க பேரை எடுக்கவே இல்லை சார்" என்றார். "மறுபடி பேசுவீகன்னு தெரியும்." எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

காலை ஐந்திலிருந்து ஆறரை வரை பயிற்சி. பத்து நாள் விட்டதில் உடம்பு கட்டை. இடது குதிகாலில் பழைய வலி. செல்வி மேலே வந்து பார்த்தாள். வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணி கொண்டுவந்திருந்தாள். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது, போகட்டும்.

"பொண்ணு வாழ்க்கை போச்சுன்னா உங்களை விட மாட்டேன்" என்றாள், ஒத்தடம் கொடுத்துக்கொண்டே.

சிக்கலிலிருந்து செய்தி இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். யாழினி மட்டும் வராந்தாவில் நின்று யாருடனோ பேசுகிறாள். என்னைக் கண்டதும் நகர்ந்துபோகிறாள். கதிரவனா? கேட்டேன். "ஆமா" என்றாள். என்ன பேசினீர்கள்? "மாட்டைப் பத்தி." சிரிக்கவில்லை. நிஜமாகவே மாட்டைப் பற்றித்தான் போல.

பிப்ரவரி 27, வெள்ளி. மண்டபம்

மேடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மை போட்ட கண் எரிகிறது. பேருந்தில் வரும்போது இரண்டு பக்கமும் கடல் தெரிந்த இடத்தில் பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

காற்று அதிகம். ஒலிபெருக்கியில் இரைச்சல். பாட்டு பென்டிரைவில் இருக்கிறது, இரண்டாவது பிரதி யாழினியிடம். கமிட்டிக்காரர்கள் பழைய தார்ப்பாயை விரித்திருக்கிறார்கள், நடுவில் சுருக்கம். காலில் இடறும். சொல்லி இழுத்துக் கட்டச் செய்தேன்.

செல்வி முன்வரிசையில். இந்த வீட்டுப் பெண், "தண்ணி குடிங்க சார்" என்கிறார். குடித்தேன்.

ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப. கடைசி முறையோ? இன்றைக்கு வேறு யாராவது போனில் எடுப்பார்கள். எடுக்கட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மனம் கேட்கவில்லை.

கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 28, சனி

வகுப்புக்கு விடுமுறை சொல்லிவிட்டேன். குதிகால் வீக்கம்.

நேற்று. முதல் சில நிமிடங்கள் எதுவும் நினைவில்லை. பிறகு பயம் எங்கோ விலகிவிட்டது. படகுக்குக் காத்திருக்கிறவள் விடியலில் கரைக்கு வருகிறாள். மற்ற படகுகள் வந்துவிட்டன, அவளுடையது வரவில்லை. திரும்பி வந்தவர்களிடம் கேட்கிறாள், ஒருவரும் முகம் பார்க்கவில்லை. கடலைத் திட்டுகிறாள். திட்டியதற்குப் பயந்து கும்பிடுகிறாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் மட்டும், "வந்துருவான் தாயி" என்று சத்தமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது சரணத்தில் தலையை நிமிர்த்தியபோது டீக்கடைப் பக்கம் கதிரவன். தனியாக, கையில் ஹெல்மெட். அவ்வளவுதான், தாளம் கையைவிட்டுப் போய்விட்டது. இரண்டு மூன்று அடி காற்றில். எப்படியோ பிடித்துக்கொண்டேன். முடியும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்து பின்னால் வந்து நாற்காலியில் விழுந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே அக்கா. மச்சானிடம் ராமேஸ்வரம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பெண்கள் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாளாம்.

"ரெண்டாவது சரணத்துல தாளத்தை விட்டுட்ட" என்றாள்.

"ஆமாக்கா."

"அங்கிட்டு எதுக்குப் பாத்த?"

"பையன் நின்னான்."

"நானும் பாத்தேன். அவன் நின்னா நிக்கட்டும். அவ பார்வை கடலை விட்டு நகரக் கூடாது. அவளுக்கு அங்க வேற ஆளே கெடையாது."

குனிந்து சலங்கையை அவிழ்க்க முடியாமல் குதிகால் வலித்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "கடைசி பஸ் போயிரும்" என்று எழுந்துவிட்டாள்.

கதிரவன் என்னிடம் வரவில்லை. யாழினியிடம் ஏதோ சொல்லிவிட்டு பைக்கில் போய்விட்டான்.

மார்ச் 1, ஞாயிறு

மச்சான் பேசினார். சுருக்கமாக. "அவுகளுக்குச் சரிப்படாதாம். பொண்ணைப் பத்தி ஒரு குறையும் சொல்லல. ஒத்து வராதுன்னுட்டாக."

செல்வி சமையலறையில் பாத்திரங்களைத் தேய்த்ததையே தேய்த்தாள். அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். போகச் சொன்னாள். போகவில்லை.

யாழினியிடம் சொன்னபோது, "தெரியும். அவரு நேத்தே சொன்னாரு" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"வீட்டுல இன்னொரு தடவை பேசிப் பாக்குறேன்னாரு. எனக்காகன்னு சொல்லிப் பேசாதீங்க, உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பேசுங்கன்னு சொன்னேன்."

"அவன் பேசலைன்னா?"

"பேசலைன்னா ஆளைப் பத்தித் தெரிஞ்சுரும்லப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மாடிக்குப் போய் வெகுநேரம் துணி உலர்த்தினாள். மூன்று துப்பட்டா உலர்த்த அவ்வளவு நேரம் ஆகாது.

நான் ஆடாமல் இருந்திருந்தால்? காலையிலிருந்து இதே கேள்வி. மாத்திரை இரண்டு போட்டேன். டாக்டர் ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் கூடிவிட்டது. பிளஸ் டூ பரீட்சை மேற்பார்வைப் பணி. அறை முழுக்க அமைதி, அது இன்னும் மோசம். எதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே வந்தால் கதிரவனிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. நானே கூப்பிட்டேன்.

"மாமா, அய்யாகிட்டச் சொல்லிட்டேன். எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. உங்க ஆட்டத்துல எனக்கு ஒன்னும் தப்பாத் தெரியலை. முழுசாப் புரிஞ்சுச்சுன்னும் சொல்ல மாட்டேன்."

"அய்யா என்ன சொன்னாரு?"

"ரெண்டு நாளாப் பேச்சு இல்லை. எந்திரிச்சு மொளகாக் காட்டுக்குப் போயிர்றாரு. அம்மா மட்டும் சோறு போடுறப்ப, போயிட்டு வான்னு சொல்லிச்சு. ஞாயித்துக்கிழமை நான் மட்டும் வரலாமா?"

யாழினியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் கேட்டேன். "வரச் சொல்லுங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

மார்ச் 4, புதன்

செல்விக்குப் புதுக் கவலை. எனக்கும். பெரியவர்கள் யாரும் இல்லாமல் ஒரு பையன் தனியாகப் பெண் வீட்டுக்கு வந்தால் தெரு என்ன சொல்லும். அவனுடைய அய்யா கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டால். போடுகிற ஆள் இல்லை. பேசாமல் நின்றுவிட்டுப் போனால் அது இன்னும் கஷ்டம். மகனை நாங்கள் பிரித்துவிட்டோம் என்று ஆகாதா. கதிரவனை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. யாழினி முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

நாலரை மணிக்கு அக்கா. மண்டபத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"கதிரு ஞாயித்துக்கிழமை அங்கன வாரானாமே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவன் அம்மா. நான் கேள்விப்பட்டா என்ன பண்ணுவேன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருப்பா."

"அக்கா, நான் வேணும்னு கூப்பிடலை, அவனா..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, பேச விடு. பொண்ணு கேக்க ஒத்தையில வந்தா அசிங்கம்டா. நான் அவனுக்குச் சித்தி முறை. மாப்பிள்ளை வீட்டாளா நான் வாரேன்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"இனிமேத்தான் சொல்லணும்" என்றாள். "பூவும் பழமும் நானே வாங்கிட்டு வாரேன். நீ வாசல்ல நின்னு, வாங்கன்னு மரியாதையாக் கூப்புடு."